பேட்டரி தீரவில்லை

முதலில் ஒரு சின்ன வேண்டுகோள். பக்கத்து அறையில் யாரோ சுவரைத் தட்டிக்கொண்டிருக்கிறார். ஆணி அடிக்கிறாரோ, நாற்காலியைச் சுவரில் முட்டுகிறாரோ, தெரியவில்லை. முடிந்தால் நிறுத்தச் சொல்லுங்கள். முடியாவிட்டாலும் பரவாயில்லை. இதைவிட மோசமான இடங்களில் உட்கார்ந்து வேலை பார்த்திருக்கிறேன்.

நான் வந்த காரியம் எளிது. உங்கள் போலீஸ் அறிக்கையில் ஒரு பிழை இருக்கிறது. 'சட்டையில் பொருத்தியிருந்த மைக்கின் பேட்டரி தீர்ந்துவிட்டதால், அலமாரிக்குள் இருந்தவர் உதவி கேட்டது ஒலிப்பதிவாளருக்குக் கேட்கவில்லை' என்று எழுதியிருக்கிறீர்கள். பேட்டரி தீரவில்லை. நான் இந்தத் தொழிலுக்கு வந்த நாளிலிருந்து என் பேட்டரி எதுவும் நடுவேலையில் தீர்ந்ததில்லை. அப்படித் தீர்ந்ததாக உங்களிடம் சொன்னதும் நான்தான், மறுக்கவில்லை. அன்றைக்கு அது வசதியாக இருந்தது. ஆனால் வாயால் சொல்வது வேறு, அதையே அச்செழுத்தில் பார்ப்பது வேறு. அறிக்கையின் நகலைத் தங்கை என்னிடம் காட்டியபோது எனக்கு உடம்பே கூசிவிட்டது. அதைத் திருத்திவிட்டுப் போகலாம் என்றுதான் வந்தேன்.

இறந்தவர் என் தங்கையின் கணவர். மாப்பிள்ளை என்று கூப்பிடுவேன், அவர் என்னை மச்சான் என்பார். மெத்தைக் கடைகளுக்கு விளம்பரப் படம் எடுத்துக்கொண்டிருந்தவர். அதை நன்றாகவே எடுப்பார். மெத்தை பேசாது, அதனால் அவருக்குக் காது இல்லாதது யாருக்கும் தெரியவில்லை. அப்படிப்பட்டவருக்கு ஒருநாள் குறும்படம் எடுக்கும் ஆசை வந்தது. அதுவும் பேய்ப்படம். அதுவும் அந்தக் கதை.

நீங்களும் படித்திருப்பீர்கள். பள்ளிக்கூடத்தில் துணைப்பாடமாக வைத்திருந்தார்கள். விடுதியில் ஒருவன் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான். அடுத்த அறையில் உடம்பு முடியாமல் கிடக்கும் பெண் சுவரைத் தட்டுகிறாள். கேட்கிறது. சாப்பிட்டு முடித்துவிட்டுப் போகலாம் என்று இருக்கிறான். சாப்பிட்டு முடிக்கும்போது தட்டல் நின்றுவிடுகிறது. அப்புறம் அவன் எந்த வீட்டுக்குக் குடிபோனாலும் சுவரில் அந்தத் தட்டல் வருகிறது. கதை அவ்வளவுதான். பேய் என்று ஒன்று கண்ணில் படுவதே இல்லை. எல்லாம் சத்தம். ஒலி தெரிந்தவன் ஒருவன் கையில் அந்தக் கதை கிடைத்தால் பார்ப்பவன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். இந்தக் கதையைத் தங்கைக்குச் சொன்னவன் நான். அவள் வாயிலிருந்துதான் அது மாப்பிள்ளை காதுக்குப் போனது.

அவர் என்ன செய்தார் தெரியுமா. சுவரை எடுத்துவிட்டு அலமாரி வைத்தார். சுவருக்குள்ளிருந்து பேய் வெளியே வர முடியாதாம். அலமாரிக் கதவைத் திறந்தால் முடியை விரித்துப் போட்டுக்கொண்டு, கண்ணில் வெள்ளை லென்ஸ் மாட்டிய ஒரு பெண் மேலே பாய வேண்டும். நான் கேட்டேன், "கதையில பேயே வராதே மாப்பிள்ளை?" அவர் சிரித்தார். "இது தழுவல்தான மச்சான். அப்படியே எடுக்கணும்னு சட்டமா?" கூடவே, பின்னணி இசைக்குக் கீபோர்டு வாசிக்கும் தன் சிநேகிதரைப் பிடித்துவிட்டதாகச் சொன்னார். பேய் வரும்போது உச்சத்துக்குப் போவாராம். அதன் அடியில் என் ஒலி இருந்தாலென்ன, செத்தாலென்ன.

இருந்தும் ஒப்புக்கொண்டேன். தங்கை கேட்டாள். "நீ பண்ணினாதான் அண்ணா அது படமாவே இருக்கும்" என்றாள். அவள் சொன்னது உண்மை, அதனால் போனேன். கோபத்தோடு போனேன் என்று எழுதிவிடாதீர்கள். நான் கோபப்படுகிற ஆள் இல்லை. கோபம் வந்தால் கை நடுங்கும், நடுங்கினால் மைக் உரசும்.

எங்கள் வீட்டைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். அப்பா கட்டிய வீடு. என் அறைக்கும் தங்கை அறைக்கும் நடுவே ஒரே சுவர். சின்ன வயதில் படுக்கப் போகும்போது நான் அந்தச் சுவரைத் தட்டுவேன். நெருக்கமாக இரண்டு, கொஞ்சம் விட்டு ஒன்று. அவள் அதேபோலத் திருப்பித் தட்டுவாள். அப்புறம்தான் எனக்குத் தூக்கம் வரும். அவள் கல்யாணத்துக்குப் பிறகு மாப்பிள்ளையும் அந்த அறைக்கே குடிவந்தார். அதன்பின் அவள் பதில் தட்டுவதில்லை. நான் என் வழக்கத்தை விடவில்லை. விட வேண்டிய காரணம் எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை.

ஒருநாள் சாப்பாட்டு மேசையில், தங்கையும் இருக்கும்போது, மாப்பிள்ளை தட்டின் விளிம்பில் கரண்டியால் அதேமாதிரி தட்டிக் காட்டினார். தாளம் தப்பாக. "மச்சான், இன்னுமா தட்டிக்கிட்டு இருக்கீங்க? நான் முதல்ல எலின்னு நெனச்சேன்" என்றார். தங்கை சிரித்தாள். வாயை மூடிக்கொண்டுதான் சிரித்தாள், ஆனால் சிரித்தாள். "இத அப்படியே படத்துல வைக்கிறேன். பேய் இப்படித்தான் தட்டும்" என்றார் அவர். நானும் சிரித்தேன். அந்த மேசையில் யாரும் மனம் கோணவில்லை.

அந்தச் சுவர் அவ்வளவு கனமானது இல்லை. எல்லாம் கேட்கும். மாப்பிள்ளைக்கு இழுப்பு வருவது, தங்கை எழுந்து விளக்கைப் போடுவது, இழுப்பறையைத் துழாவி இன்ஹேலரை எடுப்பது, அதன் மூடி திறக்கிற சின்னச் சத்தம், அதன் பிறகு இரண்டு பேரும் படுக்கிற சத்தம். தூசி பட்டால் அவருக்கு எவ்வளவு நேரத்தில் குரல் போகும், எவ்வளவு நேரத்தில் மூச்சு விசிலடிக்கும் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. அவர் மருத்துவருக்குக்கூட அவ்வளவு தெரிந்திருக்காது. இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. ஒரே வீட்டில் இருந்தால் காதில் விழத்தான் செய்யும்.

படப்பிடிப்புக்கு ஒரு காலி வீட்டை வாடகைக்குப் பிடித்திருந்தார்கள். அலமாரி நல்ல கனமான மரம். கலை வேலை பார்க்கிறவர் எங்கோ பழைய சாமான் கடையில் பிடித்து வந்திருந்தார். வெறும் மரப்பெட்டிக்குள் தட்டினால் தகர டப்பாவில் தட்டுவதுபோல் எதிரொலிக்கும். அதனால் உள்ளே மெத்தென்று எதையாவது அடைக்க வேண்டும் என்று சொன்னேன். ஒலிப்பதிவாளர் எவரும் அதைத்தான் சொல்வார். பக்கத்திலேயே சுத்தமான நுரைப்பஞ்சு கிடைக்கும். நான் சாமான் கிடங்கிலிருந்து பழைய கம்பளிப் போர்வைகளைக் கொண்டுவந்தேன். கம்பளி ஒலியை நன்றாகக் குடிக்கும். அவற்றை வெளியே கொண்டுபோய் உதறவில்லை.

கதவு தானாகத் திறந்து கிரீச்சென்றது. அதற்காக வெளிப்பக்கம் ஒரு கொக்கி மாட்டச் சொன்னேன். இடுக்குகளில் ரப்பர் பட்டை ஒட்டினேன். ஒவ்வொன்றையும் நீங்கள் இன்னொரு ஒலிப்பதிவாளரிடம் காட்டிக் கேட்கலாம். சரியாகத்தான் செய்திருக்கிறார் என்பார்.

பேயாக நடிக்க வந்த பெண் அலமாரிக்குள் தலையை நீட்டினாள், தும்மினாள், வெளியே வந்துவிட்டாள். "சார், உள்ள ஒரே தூசி. நான் கடைசியில பாயறதுக்கு மட்டும் ஏறிக்கிறேன். தட்டறதுக்கெல்லாம் வேற யாரையாவது பாருங்க." அந்தக் கூட்டத்தில் மூளையோடு இருந்தது அவள் ஒருத்திதான்.

நான் சொன்னேன், "தட்டறப்ப உள்ள இருக்கறவங்க முகம் தெரியப் போறதில்ல. நீங்களே ஏறித் தட்டுங்க மாப்பிள்ளை. அந்தத் தாளம் உங்களுக்குத்தான தெரியும்."

அவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இந்த ஆட்களை எங்கே வேண்டுமானாலும் ஏற்றிவிடலாம், கொஞ்சம் தட்டிக் கொடுத்தால் போதும். ஒளிப்பதிவாளர் மட்டும் "டைரக்டர், நீங்க உள்ள போயிட்டா யாரு பாக்கறது?" என்று கேட்டார். "நீ பாரு. எனக்கு மச்சான் காது இருக்கு" என்று பெருமையாகச் சொல்லிவிட்டு மாப்பிள்ளை சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

மைக் மாட்டுவதற்கு முன் பையைக் காலி செய்யச் சொல்வது எங்கள் தொழிலில் முதல் பாடம். சாவி குலுங்கும், சில்லறை குலுங்கும், பேனாகூடத் துணியில் உரசும். அவர் ஒவ்வொன்றாக எடுத்து என் கையில் கொடுத்தார். கடைசியில் சட்டைப்பையைத் தொட்டுத் தயங்கினார்.

"இதுவுமா?"

"மூடி லொடலொடன்னு ஆடுது பாருங்க" என்று ஆட்டிக் காட்டினேன். உண்மையிலேயே ஆடியது.

"ரொம்ப நேரம் வேண்டாம் மச்சான். எனக்கு இழுக்கும்."

"அரை நிமிஷ வேல."

"நான் பேசறது கேக்கும்ல?"

"நீங்க நெனைக்கறதுகூடக் கேக்கும்" என்றேன்.

சிரித்துக்கொண்டே ஏறினார். இன்ஹேலரை என் பைக்குள் போட்டுக்கொண்டு கதவைச் சாத்திக் கொக்கியை மாட்டினேன். புதுப் பேட்டரி. அன்று காலையில்தான் உறை பிரித்துப் போட்டது.

இனி, எங்கள் தளத்தில் இருந்த ஒரு பழக்கத்தை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும், இல்லாவிட்டால் மற்றவர்கள்மேல் வீணாகப் பழி விழும். ஒரு காட்சி முடிந்ததும் அந்த அறையின் வெறும் நிசப்தத்தைக் கொஞ்ச நேரம் பதிவு செய்வோம். ரூம் டோன் என்போம். பின்னால் ஒட்டுப்போட அது தேவைப்படும். நான் கையைத் தூக்கினால் எல்லோரும் நின்ற இடத்தில் நிற்க வேண்டும், கையை இறக்கும்வரை அசையக்கூடாது. முதல் நாள் யாரோ இருமிவிட்டார்கள் என்று மாப்பிள்ளையே எல்லோரையும் கூப்பிட்டு நிறுத்திச் சொன்னார், "மச்சான் கை மேல இருக்கறவரைக்கும் வீடே தீப்பிடிச்சாலும் யாரும் அசையக்கூடாது." அவர் எடுத்த படத்தில் உருப்படியான வசனம் அது ஒன்றுதான்.

காட்சி ஓடியது. விடுதியில் சாப்பிடுகிறவனாக நடித்தவர் தட்டைத் தள்ளிவிட்டு அலமாரியைப் பார்த்தார். உள்ளேயிருந்து மாப்பிள்ளை தட்டினார். தாளம் தப்பாகத்தான் தட்டினார். பிறகு ஒரு இருமல். பிறகு, "மச்சான், போதும்." மெதுவாகச் சொன்னார். ஹெட்போன் இல்லாதவர்களுக்கு அது கேட்டிருக்க வழியில்லை. 'கட்' சொல்ல வேண்டியவர் அலமாரிக்குள் இருந்தார். டைரக்டர் வாயால் வந்தால் ஒழிய ஒளிப்பதிவாளர் கேமராவை நிறுத்த மாட்டார், அவ்வளவு ஒழுங்கு. நான் கையைத் தூக்கினேன்.

அறை அடங்கியது. நல்ல நிசப்தம். அந்த வீட்டில் அதுவரை கிடைக்காத நிசப்தம்.

"மச்சான், கொக்கிய எடுங்க." அப்புறம் இழுப்பு ஆரம்பித்தது. எனக்குத் தெரிந்த இழுப்புதான், சுவர் மட்டும் நடுவில் இல்லை. "மச்சான், கேக்குதுல்ல?" கேட்டது. குரல் போவதற்கு முன் கடைசியாகச் சொன்னதும் அதுதான், ஆனால் கேள்வியாக இல்லை. "மச்சானுக்குக் கேக்கும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். நம்பிக்கையோடு சொன்னார். அந்த நம்பிக்கை தப்பு இல்லை.

அப்புறம் தட்ட ஆரம்பித்தார். பலமாகத்தான் தட்டினார். கம்பளியையும் மீறி அறை முழுக்கக் கேட்டது. எல்லோருக்கும் கேட்டது, சார். இதை அழுத்திச் சொல்கிறேன். ஒளிப்பதிவாளர் என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார், பிரமாதம் என்கிற மாதிரி. ஒப்பனைக்காரம்மா தன் முழங்கையைத் தேய்த்துக்கொண்டார். பின்னால் உங்களிடமே சொல்லியிருக்கிறாரே, "எனக்குப் புல்லரிச்சுப் போச்சு, என்னமா நடிக்கறாருன்னு நெனச்சேன்" என்று. ஒரு மனிதன் சாகிற சத்தத்துக்கும் நடிக்கிற சத்தத்துக்கும் வித்தியாசம் தெரியாத இத்தனை பேரை வைத்துக்கொண்டு படம் எடுக்கிறார்கள். இவர்களுக்கெல்லாம் ஆளுக்கு இரண்டு காது எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை.

கடைசியில் ஒன்று செய்தார். நெருக்கமாக இரண்டு, கொஞ்சம் விட்டு ஒன்று. இந்த முறை சரியாக. கூப்பிட்டும் ஆகவில்லை, தட்டியும் ஆகவில்லை என்றதும் அதைத் தட்டினால் நான் திறப்பேன் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. அந்தத் தட்டல் என் தங்கைக்கும் எனக்கும் உரியது. அதைக் கரண்டியால் தட்டிக் கேலி பண்ணியவர், உயிர் போகிற நேரத்தில் கடன் கேட்கிற மாதிரி அதை எடுத்துக்கொண்டார். எனக்கு அது பிடிக்கவில்லை. கை வலித்தது, இறக்காமல் வைத்திருந்தேன்.

தட்டல் நின்ற பிறகும் கொஞ்ச நேரம் வைத்திருந்தேன். ரூம் டோன் இனிமேல்தானே ஆரம்பம்.

பிறகு கையை இறக்கி "ஓகே" என்றேன். எல்லோரும் கை தட்டினார்கள். அலமாரியைப் பார்த்துக் கை தட்டினார்கள். கொக்கியை முதலில் எடுத்தவன் நான்தான். அவரைத் தாங்கிப் பிடிக்கும் சாக்கில் இன்ஹேலரைப் போர்வை மடிப்புக்குள் நழுவவிட்டேன். அது அவர் கைதவறி விழுந்து துணியில் சிக்கிக்கொண்டது என்று எழுதியிருக்கிறீர்கள், அதையும் திருத்திக்கொள்ளுங்கள்.

மருத்துவமனை நடைபாதையில் தங்கை என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். "உனக்குக் கேக்கலையா அண்ணா?" என்றாள். "பேட்டரி தீந்துபோச்சும்மா" என்றேன். அவள் என்னையே பார்த்தாள். அப்புறம் என் தோளில் சாய்ந்து அழுதாள். "உனக்கே கேக்கலன்னா யாருக்குக் கேட்டிருக்கும். நீ மனசுல வச்சுக்காத" என்று எனக்கே ஆறுதல் சொன்னாள். கல்யாணத்துக்குப் பிறகு அவள் என் தோளில் சாய்ந்தது அதுதான் முதல் தடவை. அவள் நிம்மதிக்காகத்தான் எல்லாம் என்று அப்போது எனக்கு உறுதியாகத் தோன்றியது. தூக்கம் கெட்டு இன்ஹேலர் தேடுகிற வேலை இனி அவளுக்கு இல்லை.

ஆனால் வீட்டுக்கு வந்தபின் சுவரைத் தட்டினேன். பதில் இல்லை. மறுநாளும் தட்டினேன். அதற்கடுத்த நாள் அவள் கட்டிலை எதிர்ச்சுவர் பக்கம் இழுத்துப் போடுகிற சத்தம் கேட்டது. தனியாகத்தான் இழுத்தாள். கட்டில்கால் தரையில் உரசி உரசி, நின்று நின்று இழுத்தாள். போய் ஒரு கை பிடிக்கலாம் என்று தோன்றியது. போகவில்லை.

இதோடு விட்டிருப்பேன். போன வாரம் நினைவாஞ்சலி என்று ஒரு சின்ன அரங்கில் படத்தைத் திரையிட்டார்கள். ஒளிப்பதிவாளர்தான் முடித்திருந்தார். 'பழைய பேய்க்கதை ஒன்றைத் தழுவியது' என்று எழுத்து போட்டார்கள். அலமாரிக் காட்சி வந்தது. தட்டல் கேட்டது. என் தட்டல் இல்லை. கணினியில் இலவசமாகக் கிடைக்கிற ஏதோ மரக்கதவுத் தட்டல், அதன்மேல் கீபோர்டு. அந்த நேரத்து ஒலி எதையும் வைக்க மனசு வரவில்லை என்று ஒளிப்பதிவாளர் மேடையில் சொன்னார். எல்லோரும் அழுதார்கள். எனக்குப் பின்வரிசையில் ஒருவர் பக்கத்து ஆளிடம் சொன்னார், "அந்த சவுண்டுக்காரர் பாவம், வயசாயிடுச்சு. பேட்டரிகூடப் பாக்காம மாட்டிட்டாராம்." தங்கை அதைக் கேட்டாள். திரும்பி என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள்.

பாவமாம். எனக்கு.

அதனால்தான் இந்த மெமரி கார்டைக் கொண்டுவந்திருக்கிறேன். அன்று உங்களிடம் கொடுத்தது வேறு, சட்டை மைக்கின் ஒலித்தடத்தை அழித்து வைத்தது. இதில் எல்லாம் இருக்கிறது, முதல் இருமலிலிருந்து கடைசி நிசப்தம்வரை. உங்கள் மேசைக் கணினியின் ஓட்டை ஸ்பீக்கரில் போட்டுவிடாதீர்கள், நல்ல ஹெட்போனில் கேளுங்கள். தங்கைக்கும் ஒருமுறை போட்டுக் காட்டுங்கள். என் காதில் எந்தக் கோளாறும் இல்லை என்று அவளுக்குத் தெரிய வேண்டும். எனக்குக் கேட்டது. ஒவ்வொரு சொல்லும் கேட்டது, அவர் சாகிறார் என்பதும் தெரிந்தது, கையை இறக்கவில்லை. இப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

மற்றபடி, பக்கத்து அறைக்காரரை நிறுத்தச் சொல்லுங்கள் என்று வந்ததும் சொன்னேன், நீங்கள் எழவே இல்லை. அந்தப் பக்கம் அறையே கிடையாது, தெருதான், யாரும் தட்டவில்லை என்கிறீர்கள். உங்கள் காதை வைத்துக்கொண்டு நீங்கள் அப்படித்தான் சொல்வீர்கள். நெருக்கமாக இரண்டு, கொஞ்சம் விட்டு ஒன்று. தங்கைதான். கொஞ்சம் கோபம் இருந்தது, இப்போது பதில் தட்டுகிறாள். போய்ப் பாருங்கள் என்று மட்டும் என்னிடம் சொல்லாதீர்கள். என் வேலை கேட்பது, எழுந்து போவது இல்லை.